அரைக்கும் கை

1854ஆம் ஆண்டின் குளிர்காலம். கருங்கடலை ஒட்டிய கிரீமியாவில் செவஸ்தபோல் நகரத்தை முற்றுகையிட்டுக் கிடந்தது பிரிட்டிஷ் படை. நவம்பர் 14 அன்று அடித்த புயலில் பாலக்லாவா துறைமுகத்துக்கு வெளியே நின்ற சரக்குக் கப்பல்கள் உடைந்து, கம்பளி உடைகளும் குதிரைத் தீவனமும் கடலோடு போயின. துறைமுகத்திலிருந்து மேட்டு முகாமுக்குப் போகும் பாதை முழுக்கச் சேறு. விறகு கிடையாது. சிப்பாய்கள் செடிகளின் வேரைத் தோண்டி எரித்தார்கள். இந்த நிலையில் அரசாங்கம் அவர்களுக்குக் காப்பி கொடுத்தது. பச்சைக் கொட்டையாகக் கொடுத்தது. வறுக்காதது, அரைக்காதது.

பச்சைக் காப்பிக் கொட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாம்பல் கலந்த பச்சை நிறம், கூழாங்கல் போன்ற கடினம், வைக்கோலை நினைவூட்டும் மெல்லிய மணம். காப்பி என்று நாம் அறிந்த எதுவும் அதில் இன்னும் வந்திருக்காது. வறுக்கச் சட்டி வேண்டும், நெருப்பு வேண்டும். அரைக்க ஒரு ஆலை வேண்டும். சிப்பாயிடம் மூன்றுமே இல்லை. சாப்பாட்டுத் தகரத்தின் மூடியில் கொட்டையைக் கருக்கினார்கள். வெடித்துச் சிதறிய குண்டின் ஓட்டில் போட்டுக் கல்லால் இடித்தார்கள். அதற்கும் தெம்பில்லாதவர்கள் காப்பி இல்லாமலே இருந்தார்கள். 1855இல் விசாரணைக்குப் போன சர் ஜான் மெக்நீலும் கர்னல் டல்லக்கும் எழுதிய அறிக்கையில் இந்தப் பச்சைக் கொட்டை விவகாரம் இடம்பெற்றது. வறுத்துப் பொடித்த காப்பி கடல் ஈரத்தில் கெட்டுப்போகும், பச்சைக் கொட்டை கெடாது என்பது வழங்கல் துறையின் நியாயம். காகிதத்தில் பார்த்தால் சரியான நியாயம்தான். குடிக்கப்போகிறவன் கையில் அரைக்க என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. இந்தப் படையின் பின்தளமும் பெரிய மருத்துவமனைகளும் இஸ்தான்புல்லில் இருந்தன. வீட்டுக்கு வீடு கையால் சுற்றும் பித்தளைக் காப்பி ஆலை இருந்த ஊர் அது. கருங்கடலின் ஒரு கரையில் ஆலை, மறு கரையில் கொட்டை.

காப்பியின் வரலாறு என்று நமக்குப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் செடியின் வரலாறு, இல்லையென்றால் கடையின் வரலாறு. துள்ளிக் குதித்த ஆடுகள், பாபா புதான் ஒளித்துக் கொண்டுவந்த 7 விதைகள், லண்டன் காப்பிக் கடைகளில் நடந்த அரசியல் பேச்சு. கொட்டைக்கும் கோப்பைக்கும் நடுவே நடக்கிற அரைக்கும் வேலை இந்தக் கதைகளில் வருவதே இல்லை. எனக்கு அந்த நடுவேலையில்தான் ஆர்வம். யார் அரைப்பது, யார் கண் முன்னால் அரைப்பது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், காப்பியின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

*

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு சின்ன ஆலை இருக்கிறது. ஒரு சாண் உயர உருளை, மேலே மடக்கக்கூடிய கைப்பிடி. கடையில் ‘ஹேண்ட் கிரைண்டர்’ என்றுதான் கேட்க வேண்டும். வீட்டில் அந்தப் பெயர் எடுபடவில்லை. நம்மூரில் கிரைண்டர் என்றால் இட்லி மாவு. அதனால் எங்கள் வீட்டில் அதன் பெயர் ‘காப்பி மிஷின்’.

உள்ளே இருப்பது ரொம்ப எளிமையான ஏற்பாடு. பல் வெட்டிய ஒரு கூம்பு. அதைச் சுற்றி, உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். கைப்பிடியைச் சுற்றினால் கூம்பு சுழலும். மேலே போட்ட கொட்டை இரண்டுக்கும் நடுவில் மாட்டி முதலில் உடையும், கீழே இறங்க இறங்க இடைவெளி குறுகுவதால் இன்னும் பொடியாகும், கடைசியில் அடிக்குப்பியில் விழும். அந்த இடைவெளியை ஒரு திருகால் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு படிக்கும் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். நம்மூர் பித்தளை ஃபில்டருக்குக் கொஞ்சம் நைஸாக வேண்டும். மேலிருந்து வெந்நீர் ஊற்றி வடிகட்டும் முறைக்கு மணல் மாதிரி. கொட்டையை நீரில் ஊறவிட்டு அழுத்தி எடுப்பதற்கு ரவை மாதிரி.

மிக்ஸியில் அடித்தால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். அடிக்கலாம். ஆனால் மிக்ஸியின் பிளேடு அரைப்பதில்லை, கண்டபடி வெட்டுகிறது. ஒரு துணுக்கு மாவாகியிருக்கும், பக்கத்தில் இன்னொன்று பாதிக் கொட்டையாகவே கிடக்கும். தண்ணீர் பட்டதும் மாவிலிருந்து கசப்பு வரைக்கும் எல்லாம் இறங்கிவிடும், பெரிய துண்டிலிருந்து புளிப்பு மட்டும் வந்து நிற்கும். கோப்பையில் இரண்டு குறையும் சேர்ந்து வரும். பல்லுள்ள ஆலையில் இடைவெளிதான் அளவைத் தீர்மானிக்கிறது. அந்தத் துளையைத் தாண்ட முடியாத துண்டு கீழே விழாது.

அரைத்ததும் உடனே ஏன் போட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வறுத்த கொட்டை மூடிய வீடு மாதிரி. உள்ளே கரியமில வாயுவும் மணமும் அடைபட்டிருக்கின்றன. அரைத்ததும் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. மணம் வெளியே போகிறது, காற்று உள்ளே போகிறது. அரைக்கும்போது அறை முழுக்க வருகிற வாசனை உண்மையில் கோப்பைக்கு வந்திருக்க வேண்டியது. அதில் கொஞ்சத்தையாவது மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஒரு நிமிட உடற்பயிற்சி.

ஊருக்குப் போகும்போது இதையும் எடுத்துப் போகிறேன். கொட்டை 100 கிராம், ஒரு சின்ன வடிகட்டி, ஃபிளாஸ்க்கில் வெந்நீர். லாட்ஜ் அறையாக இருந்தால் கெட்டில் இருக்கும். விமான நிலையத்தில் ஒருமுறை பையைத் திறக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் இரும்புக் கூம்பு பார்க்க அவ்வளவு நல்லவிதமாக இருந்திருக்காது. “காப்பி மிஷின் சார்” என்று சொல்லிச் சுற்றிக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் அரைத்தால் ஒரு தொல்லை. காற்று வறண்டிருக்கும், பொடி மின்னேற்றம் பெற்றுக் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சட்டையிலும் விழும். கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கிவிட்டு அரைத்தால் ஒட்டாது. காப்பிக்காரர்கள் பல காலமாகக் கைப்பழக்கமாகச் செய்துவந்த இந்த வித்தையை அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு அளந்து பார்த்து 2023இல் கட்டுரையாக வெளியிட்டது. கொட்டை உரசி உடையும்போது மின்னேற்றம் பிறக்கிறது, ஈரம் அதைக் குறைக்கிறது. எரிமலைச் சாம்பல் மின்னேற்றம் பெறுவதை ஆராய்கிறவர்களும் அந்த ஆய்வில் சேர்ந்துகொண்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

*

ஆலைக்கு முன்னால் இருந்தது உரல். எத்தியோப்பியாவில் இன்றும் விருந்தாளி முன்னால் கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, மண்குடுவையில் காய்ச்சுகிறார்கள். அரபுப் பாலைவனத்துக் கூடாரங்களிலும் அப்படித்தான். உலக்கை உரலின் விளிம்பில் மோதி எழும் தாளம், இங்கே காப்பி தயாராகிறது, வரலாம் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் அழைப்பு. 2015இல் யுனெஸ்கோ அரபுக் காப்பியை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த வறுப்பதும் இடிப்பதும் மரபின் பகுதியாகவே குறிக்கப்பட்டன. விருந்தாளியின் கண் முன்னால் எல்லாம் நடக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை என்பதும் அந்த விருந்தோம்பலில் சேர்த்தி.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் அலெப்போவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த இருவர் இஸ்தான்புல்லில் காப்பிக் கடை திறந்ததாக ஒட்டோமான் வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதியிருக்கிறார். துருக்கிக் காப்பியை வடிகட்டுவதில்லை. பொடி கோப்பையின் அடியிலேயே படியும். அதனால் அது முகத்துக்குப் பூசும் மாவு மாதிரி நைஸாக இருக்க வேண்டும். உரலில் அந்தப் பதம் வருவது கஷ்டம். இந்தத் தேவையிலிருந்துதான் நீள உருளைப் பித்தளை ஆலை உருவானது. மேல்பாதியில் கொட்டை, நடுவில் பல், கீழ்ப்பாதியில் பொடி. கைப்பிடியைக் கழற்றி உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். குதிரையில் போகிற வியாபாரி இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம்.

‘ஆல் அபௌட் காஃபி’ என்ற பெரிய நூலை 1922இல் வெளியிட்ட வில்லியம் உக்கர்ஸ், 17ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் செய்யப்பட்ட ஒருவகை ஆலையைப் பற்றிச் சொல்கிறார். மடக்குப் பிடி உண்டு. கொட்டை வைக்கிற கிண்ணத்திலேயே காய்ச்சிக் குடிக்கவும் செய்யலாம். அரைப்பான், பாத்திரம், கோப்பை மூன்றும் ஒன்று. இன்று இணையத்தில் ‘பயணிகளுக்கான புதிய கண்டுபிடிப்பு’ என்று விற்கிறவற்றில் பல, இந்த டமாஸ்கஸ் ஆலையின் பேரப்பிள்ளைகள்தான்.

இஸ்தான்புல்லில் வேறொரு ஏற்பாடும் இருந்தது. ‘தஹ்மிஸ்’ என்று பெயர். கொட்டையை வறுத்து இடித்துக் கொடுக்கும் பொது இடம். அங்கே போனால் வேலை மிச்சம், ஆனால் பொடியில் வேறெதுவும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஆலை இருந்தால் கை வலிக்கும், சந்தேகம் இருக்காது. 1871இல் மெஹ்மெத் எஃபெந்தி என்பவர் தஹ்மிஸ் தெருவில் இருந்த அப்பாவின் கடையை ஏற்று, வறுத்து அரைத்த பொடியாகவே விற்கத் தொடங்கினார். அந்தக் கடை முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது. நல்ல பெயருள்ள கடைக்காரர் கிடைத்துவிட்டால், சனங்கள் சந்தோஷமாகக் கைப்பிடியை விட்டுவிடுவார்கள்.

*

பெயர் நல்லதாக இல்லாத கடைக்காரர்களின் ஊராக 1850களின் லண்டன் இருந்தது. ஐரோப்பிய வீடுகளில் அப்போது பெட்டி ஆலை பரவிக்கொண்டிருந்தது. மரப்பெட்டி, மேலே கிண்ணமும் கைப்பிடியும், கீழே பொடி விழும் இழுப்பறை. பின்னாளில் கார் செய்து பேர் வாங்கிய பிரெஞ்சுக்காரர்களான பியூஜோ குடும்பம் 1840லேயே காப்பி ஆலை செய்து விற்றது. ரம்பம் செய்த இரும்புப் பட்டறையிலிருந்து ஆலைப்பல்லுக்கு வருவது அவர்களுக்குப் பெரிய தூரமில்லை. ஆனால் ஏழைக்கு ஆலை ஏது? அவர்கள் மளிகைக் கடையில் பொடியாகத்தான் வாங்கினார்கள்.

பொடியில் சிக்கரி இருந்தது. ஒரு கிழங்கை வறுத்துப் பொடித்தது. கருப்பாக இருக்கும், கசக்கும், விலை குறைவு. 1840இல் பிரிட்டிஷ் கருவூலமே சிக்கரி கலந்து விற்க அனுமதி தந்தது. ஆர்தர் ஹில் ஹசால் என்ற மருத்துவர் பொடியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். காப்பியின் உயிரணுவும் சிக்கரியின் உயிரணுவும் ஒன்றுபோல இருக்காது. 1851இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. காப்பி என்று விற்ற 34 மாதிரிகளில் 31இல் சிக்கரி. சுத்தமானது வெறும் 3. சிக்கரியிலும் வறுத்த கோதுமை போன்ற கலப்படம் இருந்தது. கலப்படத்துக்கே கலப்படம். ஹசாலின் தொடர் ஆய்வுகள் 1860ஆம் ஆண்டின் முதல் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

நுண்ணோக்கி இல்லாதவர் என்ன செய்வது? கொட்டையாக வாங்கு, கண் முன்னால் அரை. அன்றைய வீட்டுக் குறிப்பு நூல்கள் சொன்ன வழி அதுதான். வியாபாரியும் சளைத்தவர் இல்லை. சிக்கரி மாவைக் காப்பிக் கொட்டை வடிவத்தில் அச்சிட்டு எடுக்கும் ஓர் எந்திரத்துக்கு லிவர்பூலில் காப்புரிமையே வாங்கினார்கள். கொட்டையையே பொய்யாக்கிய மூளை! அரைக்கும்போதுதான் அது பிடிபடும். பல்லில் உடைகிற சத்தம் வேறு.

இந்தச் சிக்கரிச் சண்டையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஆண்டுகளில் பிரிட்டன் குடித்த காப்பியில் கணிசமான பங்கு இலங்கையிலிருந்து போனது. சிக்கரி கலந்தால் காப்பியின் தேவை குறையும் என்று இலங்கைத் தோட்ட முதலாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களின் தோட்டங்களில் கொட்டையைப் பறித்தவர்கள் யார்? இராமநாதபுரம், மதுரை, திருச்சி, திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து தோணியேறி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்து போன தமிழர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே செத்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை அழித்து, அந்த மலைகள் தேயிலைக்கு மாறும்வரை இந்த நடை தொடர்ந்தது. கோப்பையில் கலப்படம் இருக்கிறதா என்று லண்டனில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். பறித்தவர்களைப் பார்க்க அப்படி ஒரு கருவியை யாரும் எடுத்துவரவில்லை.

*

இனி அமெரிக்கா. அங்கே 1832இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் படைவீரர்களின் சாராயப் பங்கை நிறுத்தி, காப்பியும் சர்க்கரையும் கொடுக்கச் செய்தார். 1861இல் உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்குப் படையில் 100 பேரின் ஒருநாள் பங்கு 10 பவுண்டு பச்சைக் கொட்டை, அல்லது வறுத்ததாக இருந்தால் 8 பவுண்டு. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 45 கிராம் பச்சைக் கொட்டை. இன்று இரண்டு பேர் வயிறாரக் குடிக்கலாம். தெற்குப் படைக்கோ கடல் முற்றுகையால் காப்பி வரத்து நின்றுபோனது. அவர்கள் ரை தானியத்தையும் கிழங்கையும் ஓக் மரக் கொட்டையையும் வறுத்துக் குடித்தார்கள்.

வடக்குச் சிப்பாய் எப்படி அரைத்தான்? அந்தப் போரில் இருந்த ஜான் பில்லிங்ஸ் 1887இல் தன் முகாம் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். அதன் தலைப்பிலேயே காப்பி உண்டு. வாளியில் கொட்டையைப் போட்டுத் துப்பாக்கியின் அடிக்கட்டையால் இடிப்பது அதில் வருகிறது. விடியற்காலை முகாமில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இடித்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எதிரிக்கு நம் இடம் தெரிந்துவிடுமே என்று தோன்றும். எதிரியும் எழுந்து வேறெதையோ இடித்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

இங்கேதான் இணையத்தில் சுற்றிவரும் ஒரு படம் குறுக்கே வரும். ஷார்ப்ஸ் கார்பைன் என்ற குதிரைப்படைத் துப்பாக்கி. அதன் மரக்கட்டையில் ஒரு சின்ன ஆலையும் கைப்பிடியும் பொருத்தியிருக்கும். ‘காப்பி அரைக்கும் துப்பாக்கி, ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஒன்று’ என்று கீழே எழுதியிருப்பார்கள். எனக்கும் ஒரு நண்பன் அனுப்பினான், “உனக்கு ஏத்த துப்பாக்கிடா” என்று. அப்படிச் சில துப்பாக்கிகள் செய்யப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பல்லில் காப்பிக் கொட்டை ஒழுங்காக அரைபடாது, அது குதிரைக்கோ ஆளுக்கோ தானியம் உடைக்கச் செய்தது என்பதுதான் ஆயுத வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் முடிவு. சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் செய்த போலிகளும் நிறைய. ஆனாலும் அந்தக் கதை சாகாது. துப்பாக்கியையே சாந்தமான ஒரு வேலைக்கு வைத்தார்கள் என்று நம்ப நமக்கு ஆசை. உண்மையில் சிப்பாய்க்குக் கிடைத்தது வெறும் கட்டை. இடித்தது அவன் கை.

*

நம் பக்கம் வருவோம். தமிழ் வீட்டுக்குள் காப்பி வந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். நீராகாரம் இருந்த காலை நேரத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி பிடித்துக்கொண்டது. முதலில் வசதியுள்ள நடுத்தர வர்க்கத்தில். அந்த வீடுகளுக்குள் கூடவே வந்தது கை ஆலை. வார்ப்பிரும்பில் செய்து, பெஞ்சிலோ சுவரிலோ திருகி மாட்டியிருப்பார்கள். பச்சைக் கொட்டையை வாங்கி இரும்புச் சட்டியில் வறுத்து, அன்றன்றைக்கு வேண்டியதை அரைப்பது.

போன வருஷம் மதுரை ரயிலில், விழுப்புரம் தாண்டி, நான் என் ஆலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி.

“என்னப்பா அது, மிளகா அரைக்கிற?”

“காப்பிக்கொட்டை பாட்டி.”

வாங்கிப் பார்த்தார். இரண்டு சுற்று சுற்றினார். அவர் கை பிடித்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது.

“எங்க வீட்ல பெஞ்சுல மாட்டி வச்சிருந்தாங்க. காலைல அஞ்சு மணிக்கு நாந்தான் அரைக்கணும். பத்து வயசு இருக்கும். ஆம்பளப் பசங்க தூங்கிட்டு இருப்பானுங்க.”

“காப்பி நல்லா இருக்குமா?”

“யாருக்குத் தெரியும்? முதல் டிகாஷன் தாத்தாவுக்கு, அப்பாவுக்கு. எங்களுக்கெல்லாம் ரெண்டாவது, மூணாவது. பாலுதான் அதிகம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் படித்த வரலாறுகளில் இல்லாத ஒன்று அந்த நாலு வரியில் இருந்தது. உக்கர்ஸின் புத்தகத்தில் ஆலையின் வகைகள் உண்டு, படங்கள் உண்டு. கைப்பிடியில் இருந்த கை யாருடையது என்ற அத்தியாயம் கிடையாது. பித்தளை ஆலையோ, மரப்பெட்டியோ, பெஞ்சில் மாட்டிய வார்ப்பிரும்போ, வீட்டுக்குள் வந்ததும் அது யாரோ ஒருவரின் காலை வேலையாகிவிடுகிறது. அரைத்தவர் ஒருவர், முதல் கோப்பை இன்னொருவருக்கு.

அதனால்தான் காப்பிப் பொடிக் கடை வந்தபோது அது வெறும் சோம்பேறித்தனத்தின் வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது. கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் மதுரையிலும் தெரு முழுக்க மணக்க வறுத்து அரைத்துக் கொடுத்த கடைகள், எத்தனையோ சிறுமிகளுக்குக் காலையில் அரைமணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. அந்தக் கடைகள் சந்தேகத்தையும் கெட்டிக்காரத்தனமாகத் தீர்த்தன. பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு என்று நாம் சொல்ல, நம் கண் முன்னால் எடைபோட்டு, நம் கண் முன்னால் மிஷினில் கொட்டி, சூடாறாத பொடியைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அரபுக் கூடாரத்தில் நடந்தது கடைவீதியில் நடந்தது.

சிக்கரியும் அங்கே வெளிப்படையாகவே இருந்தது. “எவ்வளவு போட?” என்று கேட்டுத்தான் போடுவார்கள். லண்டனில் மோசடியாக இருந்தது இங்கே ருசியாகிவிட்டது. கெட்டியான டிகாஷனுக்கும் அந்த நிறத்துக்கும் சிக்கரி வேண்டும் என்பது பலரின் நாக்குச் சொல்லும் உண்மை, அதில் தப்பேதும் இல்லை. சொல்லாமல் போட்டால்தான் கலப்படம். இன்று சட்டப்படி காப்பி-சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அடுத்தமுறை சூப்பர் மார்க்கெட்டில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 53க்கு 47 என்றெல்லாம் இருக்கும். எழுத்து மட்டும் நுண்ணோக்கியில் பார்க்கிற அளவுக்கு.

*

1938இல் சுவிட்சர்லாந்தில் நெஸ்கஃபே வந்தது. அரைக்கவும் வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். பிறகு மின்சார ஆலைகள். கை ஆலை பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போனது. அது முடிந்த கதை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் இந்த நூற்றாண்டில் திரும்பி வந்தது. முதலில் ஜப்பானியர்களின் பீங்கான் பல் ஆலைகள், பிறகு ஜெர்மனியின் விலை கூடிய இரும்புப் பல் ஆலைகள், அப்புறம் தைவானும் சீனாவும் செய்து விலையை இறக்கின. உலகப் போட்டிகளில் மேடையேறுகிற காப்பிக்காரர்கள்கூடக் கையால் சுற்றுகிறார்கள்.

காரணம் எளிது. ஒரே சீராக அரைக்கும் நல்ல மின் ஆலைக்கு வலுவான மோட்டார் வேண்டும், விலை ஏறும். மோட்டாரின் இடத்தில் நம் தோளை வைத்துவிட்டால் அந்தக் காசு முழுக்கப் பல்லுக்குப் போகிறது. சில ஆயிரம் ரூபாயில், பல மடங்கு விலையுள்ள மின் ஆலை தரும் பொடி கிடைக்கிறது. கரண்ட் தேவையில்லை, சத்தம் குறைவு, பையில் அடங்கும். ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ சிக்மகளூரிலோ விளைந்த கொட்டையை, வறுத்த தேதி போட்ட உறையில் வாங்கி, யாருக்கும் கேட்காமல் விடியற்காலையில் அரைக்கலாம்.

ஆனால் பாட்டி சுற்றிய கைப்பிடியும் நான் சுற்றுகிற கைப்பிடியும் ஒன்றில்லை. எனக்கு அலுத்தால் எதிர்த்த டீக்கடைக்குப் போய்விடலாம். அரைத்ததும் முதல் கோப்பை எனக்கே. பத்து வயதில் அஞ்சு மணிக்கு எழுந்தவருக்கும், குண்டு ஓட்டில் இடித்தவனுக்கும் அது கடமை அல்லது கதியின்மை. எனக்கு அது பொழுதுபோக்கு. ‘கையால் அரைப்பதன் ஆனந்தம்’ என்று விளம்பரங்கள் எழுதும்போது இந்த வித்தியாசம் வசதியாக மறைந்துவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் உழைப்பு ஆனந்தம்.

கை ஆலை நமக்குத் தருவது கடைசி இரண்டு நிமிடத்தின் மீதான ஓர் உறுதி. இந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான்தான் அரைத்தேன். மெக்நீலின் அறிக்கையையும் ஹசாலின் நுண்ணோக்கியையும் படித்த பிறகு, அது சின்ன விஷயமில்லை என்று தோன்றுகிறது. அதற்கு முந்தைய மாதங்களை, பறித்ததையும் உலர்த்தியதையும் சுமந்ததையும், ஆலை காட்டாது. கொட்டை உறையில் இப்போதெல்லாம் தோட்டத்தின் பெயர் போடுகிறார்கள், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று போடுகிறார்கள், பழ வகையும் பதப்படுத்திய விதமும் போடுகிறார்கள். பறித்தவருக்கு அந்த நாள் என்ன கூலி என்று போட்ட உறை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. 34க்கு 31 என்று எண்ணிச் சொல்லும்வரை லண்டனில் சிக்கரியையும் யாரும் அச்சிட்டுச் சொல்லவில்லை. யாராவது கேட்ட பிறகுதான் அது பொட்டலத்தின் மேல் வந்தது.